மாத்திரையா, நரம்பில் ஏற்றுவதா, கீமோவா? இலக்கு மருந்துகளை எடைபோடும் விதம்

புற்றுநோய் மருந்தகத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் மருந்தாளுநர் நான். அந்தப் பக்கம் நிற்பவர்கள் கேட்பதில் இரண்டு கேள்விகள் மாறுவதே இல்லை. முதலாவது, “டாக்டர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார், எது நல்லது?” இரண்டாவது கொஞ்சம் தணிந்த குரலில் வரும்: “இலக்கு மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாதாமே?”

இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதைத் தொட முடியாது. இலக்கு மருந்து என்பது புற்றுநோயை வளர்க்கும் குறிப்பிட்ட ஒரு பொருளைக் குறிவைத்து அடைப்பது. அதற்கும் பக்கவிளைவு உண்டு. கீமோவைவிடக் குறைவு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. வேறு இடத்தில் வரும், வேறு வேகத்தில் வரும், வந்தால் அதிக நாள் தங்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்க்கச் சொல்வது ஐந்து விஷயங்கள். மருந்து குறிவைக்கும் பொருள் உங்கள் கட்டியில் இருக்கிறதா? அதே பொருள் உடம்பின் நல்ல பாகங்களில் எங்கெல்லாம் இருக்கிறது? சிகிச்சைக்கு முடியும் தேதி உண்டா, அல்லது பலன் தரும்வரை தொடர வேண்டியதா? அன்றாடப் பொறுப்பு மருத்துவமனையிடமா, வீட்டிலா? ஒருநாள் இந்த மருந்துக்கு நோய் அடங்காமல் போனால் அடுத்து என்ன?

இவற்றில் இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பக்கவிளைவின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி (செல்லின் மேல் நின்று வெளியிலிருந்து வரும் சைகையை வாங்கும் புரதம்) நுரையீரல் கட்டிக்கு மட்டும் சொந்தமானதல்ல. தோலிலும் நகக்கண்ணிலும் குடலின் உட்சுவரிலும் அதற்கு அன்றாட வேலை இருக்கிறது. அதை அடைக்கும் மருந்து தோலையும் குடலையும் தொடத்தான் செய்யும். மார்பகக் கட்டியைத் தூண்டும் ஹெர்2 என்ற ஏற்பி, இதயத் தசைக்கும் வேண்டியது. விஇஜிஎஃப் என்ற புரதம் ரத்தக் குழாய்களைப் பேணுவது. அதைத் தடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், புண் ஆறத் தாமதமாகும். கீமோவோ வேகமாகப் பிரியும் செல் எதுவானாலும் அடிக்கும்: முடிவேர், எலும்பு மஜ்ஜை, வாயின் உட்சவ்வு. அதனால்தான் முடி கொட்டுகிறது, வெள்ளணு குறைகிறது, வாய் புண்ணாகிறது. மருந்தின் இலக்கு எது என்று தெரிந்தால், பக்கவிளைவுப் பட்டியலில் பாதியை நீங்களே எழுதிவிடலாம்.

பெயரின் வாலும் ஒரு குறிப்புதான். ‘நிப்’ என்று முடிந்தால் பெரும்பாலும் மாத்திரை: இமாடினிப், ஜெஃபிடினிப், ஆசிமெர்டினிப். ‘மாப்’ என்று முடிந்தால் ஊசி வழியாகச் செல்லும் ஆன்டிபாடி (ஒரே இலக்கைப் பிடித்துக்கொள்ளும் புரதம்): டிராஸ்டுசுமாப், ரிடுக்சிமாப், பெவாசிசுமாப்.

## பரிசோதனை முடிவு வரும்வரை மருந்துப் பேச்சு வேண்டாம்

2009இல் வெளியான ஐபாஸ் என்ற ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்கு ஜெஃபிடினிப் மாத்திரை, மறுபாதிக்குக் கீமோ. இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு, கீமோவோடு ஒப்பிட்டால் மாத்திரையில் நோய் முன்னேறும் அபாயம் பாதிக்கும் கீழே இறங்கியது. மாற்றம் இல்லாதவர்களுக்கு அதே மாத்திரையில் அந்த அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு ஏறியது. மருந்து ஒன்றுதான், நோயின் பெயரும் ஒன்றுதான். பரிசோதனைச் சீட்டில் இருந்த ஒரு வரிதான் வேறு.

உறுப்பு மாறினாலும் கணக்கு மாறும். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பிராஃப் மரபணு மாற்றம் இருக்கிறது. 2011இல் வந்த வெமுராஃபெனிப் அவர்களுக்கு நன்றாகவே கேட்டது. அதே மாற்றம் உள்ள பெருங்குடல் கட்டியில் அதே மாத்திரை தனியாக ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. பிராஃப் வழியை அடைத்ததும் குடல் செல் இஜிஎஃப்ஆர் என்ற பக்கத்துச் சந்து வழியைத் திறந்துகொள்கிறது. இரண்டையும் சேர்த்து அடைத்தால்தான் அங்கே பலன்.

ஆகவே திசுப் பரிசோதனையும் மரபணுச் சோதனையும் முடியாமல் “எது நல்லது” என்று கேட்டால் என்னிடம் விடை கிடையாது. முடிவு வரச் சில வாரம் ஆகலாம், அந்தக் காத்திருப்பு கொடுமைதான். நோய் வேகமாக ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் காத்திருக்க முடியாது. முதல் சுற்றுக் கீமோவைத் தொடங்கிவிட்டு, முடிவு வந்ததும் மாற்றிக்கொள்வதும் வழக்கத்தில் உண்டு.

## மாத்திரை

இமாடினிப் மூலக்கூறின் எடை சுமார் 494 டால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு). டிராஸ்டுசுமாப் ஆன்டிபாடியின் எடை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது முந்நூறு மடங்கு. சிறியதாக இருப்பதால் மாத்திரை மருந்து செல்லுக்குள் நுழைந்துவிடும். உள்ளே கைனேஸ் என்ற நொதி, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை ஒரு குழியில் இருத்தித்தான் ‘பெருகு’ என்ற செய்தியை அனுப்பும். மருந்து முந்திக்கொண்டு அந்தக் குழியில் உட்கார்ந்துவிடுகிறது. செய்தி நிற்கிறது.

இதில் பெரும் வெற்றி இமாடினிப். நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் குட்டையாகத் தெரிவதை 1960இல் கண்டார்கள். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டுப்போட்ட மரபணுவிலிருந்து வரும் நொதியை அடைக்கும் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முதன்மை ஆய்வில் அந்த மாத்திரையோடு தொடங்கியவர்களில் பத்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய 83 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நுரையீரல் கட்டிக்கும் அதையே எதிர்பார்த்து வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். அந்த ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே பிழையால் ஓடுவது. திடக்கட்டிகளில் பிழைகள் பல; ஒன்றை அடைத்தால் இன்னொன்று தலைதூக்கும்.

பக்கவிளைவுக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன் பெரியவர் ஒருவர் மாத்திரை அட்டையை மேசையில் வைத்து, “தம்பி, இதைக் கொஞ்சம் பிரித்துக் கொடுங்கள்” என்றார். அஃபாடினிப் எடுப்பவர். கையைப் பார்த்தேன். இரண்டு கட்டை விரலிலும் நகச்சுற்று. ஓரச்சதை சிவந்து பிதுங்கி, தொட்டால் நீர் கசிந்தது. அட்டையிலிருந்து மாத்திரையை அழுத்தி எடுக்க அவரால் முடியவில்லை. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாராம். இரண்டு மாதமாக டாக்டரிடம் சொல்லவில்லை. “சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களே.”

அந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை. இந்த மருந்துகளில் அளவைக் குறைப்பது என்பது தோல்வியடைந்த பிறகு யோசிக்கும் காரியமன்று. தொடக்கத்திலேயே திட்டமிட்டு வைத்திருப்பது. அஃபாடினிப் 40 மில்லிகிராமில் தொடங்கினால் 30, பிறகு 20 என்று இறங்கப் படிகள் இருக்கின்றன. பக்கவிளைவால் அளவைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு நோய்க்கட்டுப்பாடு குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. பெரியவருக்குக் கொஞ்ச நாள் இடைவெளி கொடுத்து, ஒரு படி இறக்கினார்கள். அடுத்த முறை வந்தபோது அட்டையை என்னிடம் நீட்டவில்லை.

இஜிஎஃப்ஆர் மாத்திரைகளில் முதல் இரண்டு வாரத்துக்குள் முகத்திலும் மார்பிலும் முதுகிலும் பருபோலக் கிளம்பும். பார்க்கப் பருதான், ஆனால் முகப்பரு களிம்பு போட்டால் தோல் இன்னும் வறண்டு எரியும். ஈரப்பதம் தரும் களிம்பும், தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையும்தான் இதற்கு வழி. இந்தச் சொறி வந்தவர்களுக்கு மருந்து சராசரியில் நன்றாகக் கேட்கிறது என்று பழைய மருந்துகளில் கண்டிருக்கிறார்கள். அதற்காகச் சொறி வரவில்லையே என்று கலங்க வேண்டாம். ஆசிமெர்டினிப் போன்ற புதியவை மாறிய ஏற்பியைப் பிடித்துக்கொண்டு நல்லதைப் பெரும்பாலும் விட்டுவிடுவதால், தோலுக்கு மென்மையானவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இமாடினிப்பில் கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு. தசாடினிப்பில் நுரையீரலைச் சுற்றி நீர். சொராஃபெனிப்பில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து எரியும். நைலோடினிப்பில் இதயத்துடிப்பின் லயம் மாறலாம் என்பதால் இசிஜி. ஓலாபரிப்பில் ரத்தசோகை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பக்கவிளைவின் கடுமையைத் தரம்பிரிக்கும் மருத்துவப் பட்டியலில் வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை கூடுதலாக மலம் போவது ‘கிரேடு 2’. எண்ணைப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். கீமோவில் அது நான்கு நாள் இருந்து போகும். மாத்திரையில் தினமும், வருடக் கணக்கில் இருந்தால்? பஸ் பயணம், வேலை, தூக்கம் எல்லாமே கழிப்பறை எங்கே என்பதைச் சுற்றி ஓடும். அறிக்கையில் கிரேடு எண்ணோடு நாட்களையும் பெருக்கிப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது ஒழுங்கு. இமாடினிப் எடுத்தவர்களை 2010இல் வெளியான ஓர் ஆய்வில் தொடர்ந்து பார்த்தார்கள். பத்தில் ஒன்றோ அதற்கு மேலோ தவறவிட்டவர்களில் ஆழமான பலன் கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒழுங்காக எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல். மாதத்தில் மூன்று நாள் மறப்பதுதான் அந்தப் பத்தில் ஒன்று. கீமோவில் உங்கள் ஞாபக மறதிக்கு இடமே இல்லை, செவிலியர் பார்த்துக்கொள்வார். மாத்திரையில் செவிலியரும் நீங்களே.

உணவும் மற்ற மருந்துகளும் அடுத்தவை. இமாடினிப்பை உணவோடு, நிறையத் தண்ணீருடன் எடுக்க வேண்டும். நைலோடினிப்பை வெறும் வயிற்றில்தான். சாப்பிட்ட பின் எடுத்தால் ரத்தத்தில் அளவு ஆபத்தாக ஏறும். ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் ஜெஃபிடினிப், எர்லோடினிப், தசாடினிப் போன்றவை உடம்பில் சேர்வதைக் கெடுக்கும். புகைபிடித்தால் எர்லோடினிப் அளவு வெகுவாக இறங்கும். கிரேப்ஃப்ரூட் சாறு மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை அடைத்துப் பல ‘நிப்’களின் அளவை ஏற்றிவிடும். நெஞ்செரிச்சலுக்குத் தாமாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள்தான் எங்களுக்குப் பெரிய கவலை.

மாத்திரை முந்தும் இடங்கள்: ஏற்ற மரபணு மாற்றம் உறுதியானபோது, மருத்துவமனைக்கு அடிக்கடி வர முடியாதபோது, நோய் மூளைக்குப் போயிருக்கும்போது, ஏனெனில் ஆசிமெர்டினிப், அலெக்டினிப் போன்ற சில மாத்திரைகள் அங்கே நன்றாக நுழைகின்றன, பெரிய ஆன்டிபாடிகள் அப்படி நுழைவதில்லை.

பின்தங்கும் இடம், எதிர்ப்பு. ஜெஃபிடினிப், எர்லோடினிப் கேட்காமல் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த ஏற்பியிலேயே டி790எம் என்ற இன்னொரு மாற்றம் முளைத்திருந்தது. அதற்காகவே வந்தது ஆசிமெர்டினிப். பிறகு அதையே முதலில் கொடுத்துப் பார்த்தபோது நோய் முன்னேறாத காலத்தின் இடைநிலை 18.9 மாதம், பழைய இரண்டுக்கும் 10.2. நல்லதை ஆபத்துக்கு வைத்துக்கொள்வோம் என்று பழையதில் தொடங்க நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டாம் மருந்துவரை எல்லோரும் போய்ச் சேர்வதில்லை.

## நரம்பில் ஏற்றும் ஆன்டிபாடி

செல்லுக்குள் நுழையாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியைப் பிடிப்பது இது. ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்குவதால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும் என்கிற மருந்துகள் பல. மறதிக்கு இடமில்லை, நெஞ்செரிச்சல் மாத்திரையோடு மோதலும் கிடையாது.

டிராஸ்டுசுமாப் 1998இல் வந்தது. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 மிகுந்த வகை 15 முதல் 20 சதவீதம். அவர்களுக்கு மட்டும்தான் இது. ஆரம்ப நிலை நோயில் ஓராண்டு என்ற முடிவுத் தேதி உண்டு. இரண்டாண்டு கொடுத்துப் பார்த்தும் கூடுதல் பலன் இல்லை. இதயத்தின் பம்ப் திறன் இறங்கலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன். ஆந்த்ராசைக்ளின் கீமோ தரும் இதயச் சேதம்போல இது நிலைத்துவிடுவது குறைவு. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் தேறுகிறது. படியேறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் அடுத்த எக்கோ தேதிவரை பொறுக்கக் கூடாது.

முதல் முறை ஏற்றும்போது குளிர், நடுக்கம், காய்ச்சல் வருவது உண்டு. அடுத்தடுத்த முறைகளில் தணிந்துவிடும். ரிடுக்சிமாப் தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம், உறங்கிக்கிடக்கும் வைரஸை அது எழுப்பிவிடும். பெவாசிசுமாப் எடுப்பவருக்கு ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க வேண்டும். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் மருந்து கூடாது. பல் பிடுங்குவதும் ஓர் அறுவைதான். பல் மருத்துவரிடம் இதைச் சொல்ல ஞாபகம் வருபவர்கள் மிகக் குறைவு.

## மருந்தைச் சுமந்து செல்லும் ஆன்டிபாடி

ஆன்டிபாடியின் முதுகில் கீமோவைக் கட்டி அனுப்புவது. டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகானில் ஓர் ஆன்டிபாடிக்குச் சுமார் எட்டு மருந்து மூலக்கூறுகள். ஹெர்2 குறைவாக உள்ள கட்டிகளிலும் பலன் தந்ததால் பலருக்குக் கதவு திறந்தது. பெயரில் ‘இலக்கு’ இருப்பதை நம்பிவிட வேண்டாம்: குமட்டல், முடி கொட்டுதல், வெள்ளணுக் குறைவு எல்லாம் கீமோ பாணியில்தான். கூடவே நுரையீரல் அழற்சி. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும், வறட்டு இருமலாகத் தொடங்கலாம்.

## கீமோ

கட்டியில் இலக்கே கிடைக்கவில்லையா, கீமோ பின்வாங்கல் அல்ல, அதுதான் சரியான மருந்து. நான்கு சுற்று, ஆறு சுற்று என்று எண்ணி முடிக்கலாம் என்பது அதன் பெரிய பலம். கடினமான நாட்கள் எவை என்று நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். பிளாட்டினம், டாக்சேன் வகைகள் விரல் நுனிகளில் விட்டுச்செல்லும் மரத்துப்போதல் மட்டும் முடிந்த பிறகும் தங்கலாம்.

‘அல்லது’ என்று கேட்கும் இடத்தில் ‘இரண்டும்’ என்பதே விடையாக இருப்பதும் உண்டு. டிராஸ்டுசுமாப் பெரும்பாலும் கீமோவோடுதான் தொடங்குகிறது. ஆசிமெர்டினிப்போடு கீமோவையும் சேர்த்தபோது நோய் முன்னேறாத காலம் நீண்டது, பக்கவிளைவும் சேர்ந்து நீண்டது.

## இம்யூனோதெரபி: ஒரு எச்சரிக்கை மட்டும்

இது கட்டியைத் தாக்குவதில்லை. நோயெதிர்ப்பு மண்டலத்தின் தடையை எடுத்துவிடுகிறது. அவிழ்ந்த மண்டலம் தைராய்டு, குடல், நுரையீரல் என எங்கும் பாயலாம், மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்தும். இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள நுரையீரல் கட்டியில் தனியாக இதற்குப் பலன் குறைவு. இதைக் கொடுத்த சூட்டோடு ஆசிமெர்டினிப் தொடங்கினால் நுரையீரல் அழற்சி அபாயம் ஏறுகிறது. மரபணு முடிவு வரும் முன் அவசரப்பட்டு இதைத் தொடங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுதான்.

| | மாத்திரை | ஆன்டிபாடி | மருந்து சுமக்கும் ஆன்டிபாடி | கீமோ |
|---|---|---|---|---|
| முன்தேவை | பெரும்பாலும் மரபணு மாற்றம் உறுதியாக வேண்டும் | ஏற்பிச் சோதனை பெரும்பாலும் | ஏற்பிச் சோதனை பெரும்பாலும் | இலக்கு வேண்டாம் |
| காலம் | பெரும்பாலும் பலன் உள்ளவரை | நோய் நிலையைப் பொறுத்து | பலன் உள்ளவரை அல்லது சுற்றுக் கணக்கு | சுற்றுக் கணக்கு |
| பொறுப்பு | வீட்டில் | மருத்துவமனையில் | மருத்துவமனையில் | மருத்துவமனையில் |
| பக்கவிளைவின் போக்கு | சிறியது, தினமும் | ஏற்றும் நாளில். பிறகு இலக்கு உள்ள உறுப்பில் | கீமோ பாணி, நுரையீரலும் | கடுமை, சில நாள் |
| கண்ணில் படாத செலவு | உணவு நேரம், மருந்து மோதல், மறதி | எக்கோ, சிறுநீர்ச் சோதனை, பயண நாள் | நுரையீரல் ஸ்கேன் | ரத்தச் சோதனை, தொற்றுக்கால ஒதுங்கல் |

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் மருந்தோடு ஒரு தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். கீமோவிலோ மருந்து சுமக்கும் ஆன்டிபாடியிலோ இருப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் அழைக்க வேண்டும். புதிய இருமல், மூச்சுத் திணறல் எல்லோருக்குமே அவசரம். மாத்திரை எடுப்பவர் அழைத்துப் பேசும்வரை அடுத்த மாத்திரையைப் போட வேண்டாம். வயிற்றுப்போக்கு ஒருநாள் தாண்டினாலும், கட்டை விரலால் அட்டையை அழுத்த முடியவில்லை என்றாலும், மறுநாள் காலையில் அழைத்தால் போதும்.